தரைக்குக் கீழே இறங்கும் கோதா

முதல் நாள், வெள்ளி

தம்பி வேலைக்குப் போய்விட்டான், தம்பி மனைவியும் போய்விட்டாள், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம். நிஷிகசாயில் ரயில் ஏறி, மொன்சென் நகாச்சோவில் மாறி, மூன்றாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஒரு தாளில் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருந்தான். தொலைந்துபோனால் போன் செய் என்று கீழே ஒரு வரி. முப்பது பிள்ளைகளை மண்டலப் போட்டிக்கு பஸ் மாற்றி மாற்றி அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறவள் நான். விருதுநகர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் கபடியும் ஆடியிருக்கிறேன். டோக்கியோவில் தொலைய மாட்டேன் என்றுதான் நினைத்தேன். மாறும் இடத்தில் கால் மணி நேரம் சுரங்கத்துக்குள் சுற்றியதை வீட்டில் சொல்லவில்லை.

வந்த காரியம் ரியோகொகு கொகுகிகான். சுமோ என்ற ஜப்பானிய மல்யுத்தத்துக்கென்றே கட்டிய உள்ளரங்கம், உள்ளேயே ஒரு சுமோ அருங்காட்சியகம். ஆண்டுக்கு ஆறு பெரிய போட்டிகள், ஒவ்வொன்றும் 15 நாள். அதில் மூன்று இந்த அரங்கத்தில்: ஜனவரி, மே, செப்டம்பர். மற்ற மூன்றும் ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா. என் கோடை விடுமுறையும் மே மாதப் போட்டியும் சேர்ந்து வந்தது என் அதிர்ஷ்டம். டிக்கெட் மட்டும் நாளைக்குத்தான். போட்டி நடக்கும் நாட்களில் டிக்கெட் இருந்தால்தான் அருங்காட்சியகத்துக்குள்ளும் விடுவார்கள். அதனால் இன்று வெளியே சுற்றுவது என்று முடிவு.

வெளியே பார்ப்பதற்கே ஒரு நாள் பிடிக்கும். சாலை ஓரம் முழுக்க, மல்லர்களின் பெயர் எழுதிய நீளமான வண்ணக் கொடிகள், திருவிழாவுக்கு நட்ட மாதிரி. இரும்புச் சட்டத்தில் எழுப்பிய ஒரு கோபுரம், உச்சியில் ஆள் உட்கார்ந்து மத்தளம் அடிக்கிறார். எனக்கு முன்னால் இரண்டு இளம் மல்லர்கள் பருத்தி யுகாதா உடுத்தி, மரச்செருப்பு டக் டக் என்று ஒலிக்க நடந்து போனார்கள். அவர்களைக் கடக்கும்போது இனிப்பாக ஒரு வாசனை. கொண்டை போடத் தடவும் மெழுகெண்ணெய் வாசனையாம். அரங்கத்தைச் சுற்றி எங்கே நின்றாலும் அது மூக்கில் ஏறுகிறது.

ரயில் பாதைக்குத் தெற்கே எகோயின் என்று ஒரு புத்தக் கோயில். 1657இல் டோக்கியோ, அன்றைக்கு அதன் பெயர் ‘எதோ’, பாதிக்கு மேல் எரிந்துபோனது. ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கு. அடையாளம் தெரியாத பிணங்களைப் புதைத்த இடத்தில் எழுந்த கோயில் இது. கோயில் திருப்பணிக்கு நிதி திரட்ட 1768இல் இங்கே சுமோ நடத்தினார்கள். 1833 முதல் இதுவே நிரந்தரக் களமாகிவிட்டது. நம்மூரில் திருவிழாவுக்கு நாடகம் போட்டு வசூல் செய்கிற மாதிரிதான்.

அப்போதெல்லாம் திறந்தவெளி. “வெயில் அடிக்கும் பத்து நாள்” என்பதுதான் போட்டிக்குப் பெயர். மழை வந்தால் நிறுத்திவிட்டு, வானம் தெளிந்த பிறகு தொடர்வார்கள். பத்து நாள் ஆட்டம் ஒரு மாதம் இழுக்கும். மண்டலப் போட்டியன்று மழை பெய்து, மைதானத்தில் சாக்கு விரித்துத் தண்ணீர் ஒற்றி எடுத்தவள் என்ற முறையில் அவர்கள் பாடு எனக்குப் புரிகிறது.

1909இல் கோயிலை ஒட்டியே ஒரு பெரிய கூரை போட்டார்கள். டோக்கியோ ரயில் நிலையத்தை வடிவமைத்த தட்சுனோ கிங்கோதான் இதற்கும். சனங்கள் வைத்த பெயர் ‘பெரிய இரும்புக் குடை’. திறப்பு விழாவுக்காக ஒரு எழுத்தாளர் எழுதிய வாசகத்தில் சுமோவை நாட்டின் வித்தை என்று குறிப்பிட, அந்தச் சொல்லே கட்டடத்தின் பெயராகிவிட்டது: கொகுகி என்றால் தேசிய வித்தை, கான் என்றால் மண்டபம். சட்டம் போட்டு யாரும் சுமோவைத் தேசிய விளையாட்டு ஆக்கவில்லை. ஒரு கட்டடத்துக்கு வைத்த பெயர் ஆட்டத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கட்டடம் 1917இல் எரிந்தது. திரும்பக் கட்டியதை 1923 நிலநடுக்கம் பதம் பார்த்தது. மறுபடியும் எழுந்ததை உலகப் போரின்போது ராணுவம் எடுத்துக்கொண்டது. ஜப்பான் அமெரிக்காவை நோக்கிக் காற்றில் பறக்கவிட்ட காகித பலூன் குண்டுகள் தெரியுமா? சுமார் பத்து மீட்டர் குறுக்களவுள்ள பலூன்கள். அவற்றை ஒட்டி ஊதிச் சோதிக்க உயரமான கூரை வேண்டும். நாடக அரங்குகளோடு இந்தக் கொகுகிகானும் அதற்குப் பயன்பட்டது. பசை தடவிக் காகிதம் ஒட்டும் வேலைக்கு நாடு முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளைத் திரட்டினார்கள். என்னிடம் படிக்கிற வயசுப் பிள்ளைகள்.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை, 1983இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் கடைகளும் வீடுகளுமாக ஓர் அடுக்குமாடி வளாகம். அதன் முற்றத்தில், பழைய கோதா இருந்த இடத்தைத் தரையில் ஒரு வட்டமாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், வட்டத்தின் மேலேயே சைக்கிள்கள் நின்றன. சுமோ களத்துக்கு ஜப்பானியப் பெயர் தோஹியோ. நான் கோதா என்றே எழுதப்போகிறேன், நமக்கு நல்ல சொல் இருக்கும்போது எதற்கு?

எகோயினில் ஒரு திருடனின் சமாதியும் இருக்கிறது. நெசுமி கொசோ, அதாவது எலிப்பையன். பிரபுக்கள் வீட்டில் மட்டும் புகுந்து திருடியவனாம். எந்தக் கதவுக்குள்ளும் நுழைந்தவன் என்பதால், பரீட்சை எழுதுகிறவர்கள் அவன் சமாதி முன்னால் உள்ள வெள்ளைக் கல்லைச் சுரண்டிப் பொடியை எடுத்துப் போகிறார்கள். சுரண்டுவதற்கென்றே ஒரு கல் தனியாக வைத்திருப்பது இவர்கள் ஒழுங்கு. நானும் கொஞ்சம் சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற நேரம். பரீட்சை முடிந்த பிறகு வேலை செய்யுமா தெரியவில்லை.

இரண்டாம் நாள், சனி

பாப்பாவை எழுப்பி இட்லி கொடுத்துக் கிளப்பவே ஏழரை ஆகிவிட்டது. தம்பி அலுத்துக்கொண்டான். “அக்கா, பெரிய ஆளுங்க எல்லாம் சாயங்காலம்தான். இப்பப் போயி யாரப் பாக்கப் போற?” எங்கள் பள்ளியில் ஜூனியர் ஆட்டத்தைப் பார்க்காமல் சீனியர் ஆட்டத்துக்கு மட்டும் வருகிற பெற்றோர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவனிடம் அதைச் சொல்லவில்லை. கிளம்புடா என்றேன்.

ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தபோது பதினோராயிரம் பேர் உட்காரும் அரங்கத்தில் நூறு பேர் இருந்தால் அதிகம். கீழ்த்தளத்தில் பெரும்பாலும் நாற்காலி கிடையாது. இரும்புக் குழாய் தடுத்த சிறு சிறு சதுரங்கள், ஒன்றில் நாலு மெத்தை. நம் டிக்கெட் மாடியில். ஆனாலும் காலையில் ஆளில்லாத சதுரத்தில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம்தான் என்று தம்பி சொல்ல, கோதாவுக்கு ஏழெட்டு வரிசை தள்ளி உட்கார்ந்தோம். நாலு ஜப்பானியர் உட்காரும் இடம் என்று சொல்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்ததற்கே என் முழங்கால் சாயங்காலம் வரை பேசியது.

கோதாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரத்தில் களிமண் மேடை. அதன் நடுவே 4.55 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டம், வைக்கோல் மூட்டைகளைப் பாதி புதைத்து வரம்பு கட்டியது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் புதிதாகப் போடுகிறார்கள். எந்திரம் இல்லை, மண்வெட்டியும் திமிசும்தான். வைக்கோல் மூட்டையைத் தட்டி வடிவுக்குக் கொண்டுவர காலி பீர் பாட்டில்! பெயர் கூவி மல்லர்களை அழைக்கும் யொபிதாஷிகளே மண் வேலையும் செய்கிறார்கள், மத்தளமும் அடிக்கிறார்கள். முதல் நாள் ஆட்டத்துக்கு முந்தின நாள் பூசை போட்டு, கோதாவின் நடுவில் குழி எடுத்து உப்பு, அரிசி, செஸ்ட்நட் கொட்டை, கடல்பாசி, காய்ந்த கணவாய் எல்லாம் வைத்து மூடுகிறார்கள். வாஸ்து பூசைக்குக் குழியில் நவதானியம் போடுகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணவாய்தான் கொஞ்சம் புதுசு.

வட்டத்துக்கு வெளியே மணலைத் தூவி, துடைப்பத்தால் நேராக்கி வைத்திருக்கிறார்கள். எதற்கென்று முதலில் புரியவில்லை. ஒருவன் விளிம்பில் சமாளித்து நிற்கும்போது குதிகால் வெளியே பட்டதா இல்லையா என்று சண்டை வந்தால், மணலில் தடம் பார்த்துத் தீர்ப்பு. அட! கபடியில் கோட்டை மிதித்தாயா இல்லையா என்று எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கோட்டின் மேல் பத்துப் பேர் ஓடிய பிறகு கோடே இருக்காது. ஊருக்குப் போனதும் செய்து பார்க்க வேண்டிய முதல் வேலை இது.

காலையில் ஆடுகிறவர்கள் கடைசிப் பிரிவுப் பையன்கள். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேலே உள்ள இரண்டு பிரிவுகளுக்கு மட்டும்தான் சம்பளம், 15 நாளும் ஆட்டம். இவர்களுக்கு ஏழே ஆட்டம், மற்ற நேரம் மூத்தவர்களுக்கு எடுபிடி. உப்பு தூவுவதில்லை, நடுவரும் வெறுங்காலோடு நிற்கிறார். ஒரு பையன் வந்தான், ஒல்லி என்றே சொல்லலாம். கொண்டை போடும் அளவு முடி இன்னும் வளரவில்லை, நெற்றியில் விழுந்து கிடந்தது. புதுசாகச் சேர்ந்தவன் என்று அர்த்தம். எதிரில் இருந்தவன் இவனைப்போல் இரண்டு மடங்கு. இருவரும் குனிந்து முஷ்டியைத் தரையில் வைத்தார்கள். பொத்தென்று ஒரு சத்தம். காலி அரங்கத்தில் உடம்போடு உடம்பு மோதும் சத்தம் அப்படிக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. நாலு விநாடி இருக்கும். பையன் வைக்கோல் வரம்பில் காலை ஊன்றி, முதுகு வில்லாக வளைந்து நின்றான். “மூச்சை விடாதே, இடுப்பை இறக்கு” என்று நான் தமிழில் கத்திவிட்டேன். அப்புறம் வெளியே போய் விழுந்தான். எழுந்து வந்து, தன் பக்கத்தில் நின்று குனிந்து வணங்கிவிட்டு இறங்கினான். தோற்றவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பலகையில் பெயரைப் படிக்கச் சொன்னேன், பாப்பா படித்தாள். இரண்டே எழுத்து, இரண்டாவது எழுத்துக்கு மலை என்று பொருளாம்.

பதினொரு மணிக்கு அருங்காட்சியகம். பெரிய இடம் இல்லை, தரைத் தளத்தில் ஒரே அறை. படம் எடுக்கக் கூடாது. 1954இல் பழைய குராமாயே அரங்கத்தில் தொடங்கி, 1985இல் இந்த அரங்கம் திறந்தபோது இங்கே வந்திருக்கிறது. சகாய் தாதமாசா என்ற அரசியல்வாதி சேர்த்து வைத்தவைதான் அடித்தளம், முதல் தலைமை அலுவலரும் அவரே. பின்னாளில் தைஹோவும் அந்தப் பொறுப்பில் இருந்தார். 32 பட்டம் வென்ற யொகோசுனா. யொகோசுனா என்பது உச்சப் படி, ஏறியவர் தோற்றாலும் படி இறக்க மாட்டார்கள். ஆடும் தகுதி போனால் ஓய்வு பெறுவது ஒன்றுதான் வழி. முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகிப்பது எனக்குப் பிடித்தது. பொருள்களைத் தொட்டவர் கைகள் அவை.

வண்ண மரச்செதுக்கு அச்சுப் படங்கள் சுவரில். கொண்டை முதல் கால் விரல் வரை ஒவ்வொரு மடிப்பும் வரைந்திருக்கிறார்கள், அந்தக் கால நட்சத்திரப் போஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லர்கள் கோதாவுக்கு ஊர்வலமாக வரும்போது அணியும் ஜரிகை வேலைப்பாட்டுத் தொங்கல்கள் கண்ணாடிக்குள். பட்டுப்புடவைக் கடையில் நிற்பதுபோல் நின்று நெசவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதோ காலத்தில் ராய்தென் என்று ஒருவர், 197 செ.மீ. உயரம், மொத்தம் 254 வெற்றி, வெறும் 10 தோல்வி. அவருக்கு யொகோசுனா பட்டம் கிடைக்கவே இல்லை. ஏன் என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறதாம். தேர்வுக் குழு என்றால் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இப்படித்தான் போலிருக்கிறது.

பகல் சாப்பாட்டுக்கு யாக்கித்தோரி, கம்பியில் கோத்துச் சுட்ட கோழி. அரங்கத்தின் அடித்தளத்திலேயே சுடுகிறார்கள். ஏன் கோழி? கோழி இரண்டு காலில் நிற்கும். நாலு கால் விலங்கு என்றால் கை தரையில் பட்ட மாதிரி, சுமோவில் கை பட்டால் தோல்வி. ஆறிப்போய்த்தான் இருந்தது, ஆனாலும் ருசி குறையவில்லை.

மூன்று மணிக்கு மேல் கூட்டம் நிறைந்தது, நாங்கள் மாடிக்கு ஏறினோம். மேலிருந்து பார்த்தால் வேறு அரங்கம். கோதாவுக்கு நேர் மேலே ஷிந்தோ கோயில் கூரை ஒன்று தொங்குகிறது, ஆறு டன்னுக்கு மேல் எடை. முன்பு அதற்கு நாலு தூண் இருந்தது. பார்க்க மறைக்கிறதென்று 1952இல் தூண்களை எடுத்துவிட்டு, கூரையைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். தூண்களுக்கு ஞாபகார்த்தமாக மூலைக்கு ஒரு குஞ்சம், நாலு திசைக்கு நாலு நிறம். விதானத்தை ஒட்டி 32 சாம்பியன்களின் படங்கள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இங்கே ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக இரண்டு ஏறும், பழசு இரண்டு இறங்கும். கணக்குப் போட்டால் ஒரு படம் தொங்குவது ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

பெரிய ஆட்டங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அவற்றை எல்லாரும் டிவியில் பார்க்கலாம். உப்பை அள்ளி வீசுவதும், முறைப்பதும், திரும்பிப் போய் மறுபடி வருவதுமாக நாலு நிமிஷம். ஆட்டம் நாலு விநாடி. ஒரு நாளைக்கு 45 கிலோ உப்பு தீர்கிறதாம். முதல் அரை மணி எரிச்சலாக இருந்தது. அப்புறம் அந்த நாலு நிமிஷத்தில்தான் ஆட்டமே நடக்கிறது என்று பட்டது. தலைமை நடுவர் இடுப்பில் ஒரு குறுவாள் செருகியிருக்கிறார், தீர்ப்புத் தப்பினால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளத் தயார் என்பதற்கு அடையாளம். எனக்குத் தெரிந்த சில கபடி நடுவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஒருவர் வில்லைச் சுழற்றிக் கோதாவிலிருந்து இறங்கும்போது, பாப்பா கேட்டாள்: “அத்தை, இப்ப நான் ஒரு தடவ மேல ஏறிப் பாக்கலாமா?” தம்பி என்னைப் பார்த்தான். “பொண்ணுங்க ஏறக்கூடாதுமா” என்றான் மெதுவாக.

மூன்றாம் நாள், ஞாயிறு

இரவு தூக்கம் சரியாக வரவில்லை. கேள்விப்பட்ட விஷயம்தான், ஆனால் பத்து வயசுப் பிள்ளை காதில் விழும்போது வேறு மாதிரி இருக்கிறது.

1990இல் மோரியாமா மாயுமி அமைச்சரவைத் தலைமைச் செயலர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பிரதமர் கோப்பையைச் சாம்பியனுக்குக் கொடுக்கத் தானே வருகிறேன் என்றார். கோதாவில் பெண் ஏற முடியாது என்று சுமோ சங்கம் மறுத்துவிட்டது. 2018இல் மைசுரு என்ற ஊரில் நடந்த காட்சிப் போட்டியில் மேயர் கோதாவிலேயே மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடி வந்து ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சங்கத் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார். விதி அப்படியே இருக்கிறது.

காலையில் காப்பி குடிக்கும்போது தம்பி சொன்னான்: “அவங்க சம்பிரதாயம்க்கா. நம்ம குலதெய்வம் கோயில்ல மேடைக்கு நீ ஏறிருக்கியா?” ஏறியதில்லை. வாயடைத்துப் போனேன் என்பதுதான் உண்மை.

ஆனால் அவனுக்கு நான் ஒன்று சொன்னேன். அந்தக் கோதா ஒரு லிஃப்டின் மேல் இருக்கிறது. மற்ற நிகழ்ச்சிகளுக்கு மண்மேடையை அப்படியே தரைக்குக் கீழே இறக்கிவிடுவார்கள், கூரையைச் சுருட்டாத குறையாக மேலே ஏற்றிவிடுவார்கள், முன்வரிசைச் சதுரங்களையும் உள்ளே தள்ளிவிடலாம். சமதளம் வந்துவிடும். 2021இல் ஒலிம்பிக் குத்துச்சண்டை முழுக்க இந்த அரங்கத்தில்தான் நடந்தது, கொரோனாவால் பார்வையாளர் இல்லாமல். ஜூலை 29 அன்று மேரி கோம் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவிடம் 3-2 என்று தோற்றது இங்கேதான். லவ்லினா வெண்கலம் வாங்கியதும் இங்கேதான். அந்த ஆட்டங்களை எங்கள் பிள்ளைகள் அவரவர் வீட்டில் போனில் பார்க்க, நான் வாட்ஸ்அப்பில் கத்திக்கொண்டிருந்தேன். பின்னணியில் இருந்தது எந்த இடம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

“அப்ப மேரி கோம் நின்ன எடத்துக்குக் கீழ அந்த மண்ணு இருந்துச்சா அத்தை?” என்றாள் பாப்பா. இருந்திருக்கும் என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை, ஆனால் சும்மாவும் இல்லை.

மத்தியானம் மொன்சென் நகாச்சோவில் தொமியோகா ஹச்சிமான் கோயில். 1684இல் எதோவில் அனுமதியோடு கோயில் சுமோ தொடங்கிய இடம். யொகோசுனாக்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று 1900இல் நட்டது. வெயில் அதிகம், சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

இப்போது இரவு ஒன்பது. நேற்று அரங்கத்தில் வாங்கிய பன்சுகேயை மேசையில் விரித்து வைத்திருக்கிறோம். அத்தனை மல்லர்களின் பெயரும் தரவரிசைப்படி ஒரே தாளில். நடுவர் ஒருவர் கையால் தூரிகையில் எழுதுவதை அச்சடிக்கிறார்கள். மேல் வரிசையில் யொகோசுனா பெயர் விரல் தடிமன். கீழே வர வர மெலிந்து, கடைசி வரிசை தலைமுடி அளவு. அந்த வரிசைக்கே ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர்.

தம்பியால் இந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை, பத்து வருஷமாக இங்கே இருக்கிறானாம். பாப்பா தன் அறிவியல் பெட்டியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து, வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பெயராக விரலை நகர்த்தினாள். இரண்டு தரம் தப்பான மலை. மூன்றாவது தரம் இடது பக்கத்தில், ஓரத்துக்குக் கிட்டே நிறுத்தினாள்.

“இந்த அண்ணன்தான் அத்தை. கடைசியிலேர்ந்து ஏழாவது.”